மணிக்கூலி கோச்சும் மாதச் சம்பள நிர்வாகியும்

கல்லூரியில் காற்பந்து கோச்சாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் விளையாட்டு நிர்வாகத்துக்கு ஏறிவிடலாம் என்ற நினைப்போடு தேசிய சேவை முடித்து வரும் தம்பிகள் பலர் இருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் சிங்கப்பூரில் இவை ஒரே ஏணியின் இரண்டு படிகள் என்று நினைத்தால் ஏமாற்றம் நிச்சயம். இங்கே இவை பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஏணிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டும். தாவுவதற்கான பலகையையும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரே ஏணி அமெரிக்காவில் உண்டு. அவர்கள் சொல்லும் ஃபுட்பால், முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். அதை விடுங்கள், பதவி உயர்வைப் பாருங்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வின்ஸ் டூலி 1964 முதல் 1988 வரை தலைமைக் கோச். 1979இலேயே விளையாட்டுத் துறை இயக்குநர் பொறுப்பையும் ஏற்று 2004 வரை அதில் இருந்தார். நெப்ராஸ்காவின் டாம் ஆஸ்போர்ன் 25 பருவங்களில் 255 வெற்றிகள் கண்டவர். ஓய்வுக்குப்பின் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போய்வந்து, 2007இல் அதே பல்கலைக்கழகத்தில் இயக்குநர் ஆனார். அங்கே கோச் பல்கலைக்கழகத்தின் ஊழியர். அவரைச் சுற்றித்தான் டிக்கெட், தொலைக்காட்சி, நன்கொடை எல்லாப் பணமும் சுழல்கிறது. அதனால் திடலில் ஜெயித்தவரை அலுவலகத்துக்கு அழைக்கிறார்கள்.

நம் ஊரின் பழக்கம் ஆதியிலிருந்தே வேறு. 1977இல் பினாங்கை 3-2 என வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த அணியை நினைத்துப் பாருங்கள். திடலோரம் நின்றவர் சூ செங் குவீ. சங்கத்தின் தலைமையில் இருந்தவர் வழக்கறிஞர் நடேசன் கணேசன். ஆட்டங்களை ஜாலான் புசாரிலிருந்து காலாங் தேசிய விளையாட்டரங்குக்குக் கொண்டுபோன பெருமை கணேசனுக்கு. அந்த அரங்கு நிரம்பி எழுந்த சத்தத்துக்கு இன்றும் 'காலாங் ரோர்' என்று தனிப் பெயர் இருக்கிறது. கோச் வேலையை அவர் செய்யவில்லை, நிர்வாகத்தைச் சூ செய்யவில்லை. அந்தப் பிரிவினை இன்றும் பள்ளி, கல்லூரி மட்டம் வரை அப்படியே தொடர்கிறது.

முதலில் கோச் பக்கம். தொடக்கக் கல்லூரிகளில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுக் கல்லூரிகளில்) கோச் பெரும்பாலும் கல்லூரியின் ஊழியர் கிடையாது, சேவை வழங்குபவர். அரசாங்கக் கொள்முதல் தளமான ஜீபிஸில் கல்லூரி விலைப்புள்ளி கேட்கும். நீங்களோ நீங்கள் சார்ந்த நிறுவனமோ மணிக்கு இத்தனை வெள்ளி என்று எழுதிப் போட வேண்டும். அணியின் அன்றாடப் பொறுப்பு பொறுப்பாசிரியரிடம் இருக்கும். அவர் மாதச் சம்பளம் வாங்கும் முழுநேர ஆசிரியர். இயற்பியல் பாடம் நடத்திவிட்டு நேராகத் திடலுக்கு வருபவராகவும் இருக்கலாம்.

தகுதிகள் இரண்டு வரிசை. ஆட்ட நுட்பத்துக்கு ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்கள்: 'சி', 'பி', 'ஏ', அதற்குமேல் 'புரோ'. இங்கே இந்தப் பயிற்சிகளை நடத்துவது சிங்கப்பூர் காற்பந்துச் சங்கம். கல்லூரி மட்டத்துக்கு 'சி' இருந்தால் கதவு திறக்கும், 'பி' இருந்தால் மரியாதை கிடைக்கும். இன்னொரு வரிசை ஸ்போர்ட் சிங்கப்பூரின் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவகம். இதற்குக் கோட்பாட்டுப் பாடம், விழுமியங்கள் பற்றிய பாடம், முதலுதவிச் சான்றிதழ், புதுப்பிப்பதற்குத் தொடர்கல்வி மணிநேரம் என்று பல பகுதிகள். பலர் வழுக்கி விழுவது முதலுதவிச் சான்றிதழில்தான். அது இரண்டு ஆண்டுதான் செல்லும். போட்டிப் பருவத்தின் நடுவில் காலாவதியானால் பதிவு தொங்கும், பதிவு தொங்கினால் கல்லூரி உங்களைத் திடலில் நிறுத்தத் தயங்கும். காலாவதி தேதி ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் விழுமாறு வகுப்பைப் பதிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்க வேண்டியவை மூன்று. இடியால் ரத்தான பயிற்சிக்குக் கூலி உண்டா? எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் ரத்து செல்லும்? போட்டி நாளன்று பேருந்தில் போகும் நேரம், காத்திருக்கும் நேரம் கணக்கில் வருமா? மணிக்கூலி வேலையில் லாபமும் நட்டமும் இந்த மூன்றில்தான். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் தொகையையும் நாமே கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு ஆண்டு முடிவில் முழிப்பவர்கள் அதிகம்.

இன்னொரு கணக்கும் உண்டு. எல்லாக் கல்லூரிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், வகுப்பு முடிந்து பிற்பகல் 3.30இலிருந்து 6.30க்குள் பயிற்சி வைக்கின்றன. ஆக வாரத்தில் ஐந்து இடைவெளிதான். ஒரு கல்லூரி மூன்றை எடுத்துக்கொண்டால் மிச்சம் இரண்டு. மாலையில் விளக்கொளியில் பயிற்சி நடத்தும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டால்தான் ஓரளவு வருமானம் நிற்கும். திறமையுள்ள கோச்சுகள் முப்பது வயதுக்குள் வேறு வேலை தேடிப் போவதற்குக் காரணம் ஆட்ட அறிவு குறைவு இல்லை. இந்த ஐந்து இடைவெளிதான்.

இனி வேலையின் நெஞ்சுப் பகுதி: நாட்காட்டி. முதலாண்டு மாணவர்கள் பிப்ரவரி வாக்கில் வருகிறார்கள். தேசியப் பள்ளிகள் விளையாட்டுப் போட்டியில் தொடக்கக் கல்லூரிகள் ஆடும் ஏ பிரிவுக் காற்பந்து இரண்டாம் தவணையில், ஏப்ரல், மே மாதங்களில். இடையில் எட்டு வாரம் கிடைத்தால் பெரிது. வாரம் மூன்று நாள் என்றால் 24 பயிற்சிகள். இடி நான்கைந்தைத் தின்னும், அறிமுக வாரமும் வகுப்புத் தேர்வும் இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளும். கையில் மிஞ்சுவது சுமார் 17. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். உடை மாற்றல், உடல் தயார்ப்படுத்தல், தண்ணீர் இடைவேளை போகப் பந்தோடு இருப்பது ஒன்றரை மணி நேரம். மொத்தம் 25 மணி நேரம். ஓர் அணியைக் கட்டியெழுப்ப உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது முழுதாக ஒரு நாளும் கொஞ்சமும். இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஐந்து வகை ஆட்டமுறை சொல்லித் தருவேன் என்ற கனவு தானே கலைந்துவிடும்.

தேர்வுப் பயிற்சிக்கு அறுபது பேர் வந்தால் பந்தைத் தட்டிக்கொண்டு கோன்களைச் சுற்றி ஓடவைப்பது நேர விரயம். ஐந்துக்கு ஐந்து ஆட்டம் வையுங்கள், ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை அணியைக் கலையுங்கள். பந்து காலில் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்பதைப் பார்க்க வேண்டும். முதல் நாளில் கண்ணுக்குப் படுவது உயரமும் வேகமும். இரண்டாம் நாளில்தான் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பந்தை வாங்குபவன் தெரிவான். பட்டியலில் மூன்று பெயர் கூடுதலாக வையுங்கள். சேர்க்கை மேல்முறையீடு செய்து வேறு கல்லூரிக்கு மாறுபவர்கள் இந்த வாரங்களில்தான் மாறுகிறார்கள். நேரடிச் சேர்க்கையில் வந்தவர்கள் மாற மாட்டார்கள். அவர்களை முதுகெலும்பாக வைத்துத் திட்டமிடலாம்.

வந்தவர்களின் உடல்நிலையை மறக்கக் கூடாது. முந்தைய அக்டோபர், நவம்பரில் ஓ நிலைத் தேர்வு எழுதியவர்கள். அதற்கு முன் சில மாதம், அதற்குப் பின் சில மாதம் என்று பலருக்கு அரையாண்டுக்கு மேல் ஒழுங்கான பயிற்சி இருந்திருக்காது. அவர்களை முதல் வாரத்திலேயே முழுத் திடலில் ஓடவிட்டால் மூன்றாவது வாரத்தில் பின்தொடைத் தசை பிடிக்கும், தொடைக்கவட்டில் வலி வரும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நோகும். எட்டு வாரத்தில் மூன்று வாரம் உட்காரவைத்தால் அந்தப் பையனுக்குப் பருவமே முடிந்தது. ஃபிஃபா 11+ என்ற தயார்ப்படுத்தல் இதற்காகவே உருவாக்கப்பட்டது: மூன்று பகுதி, 15 பயிற்சி, 20 நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறை. அதில் முழங்காலிட்டு, கணுக்காலைக் கூட்டாளி பிடிக்க, உடலை மெல்ல முன்னால் சாய்க்கும் பயிற்சி ஒன்று உண்டு. முதல் நிலையில் மூன்றிலிருந்து ஐந்து தடவை போதும். உற்சாகத்தில் முதல் நாளே பதினைந்து செய்யவைத்தால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் வகுப்புக்குப் போவார்கள். அதன்பிறகு அந்தப் பயிற்சியின் பேரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள்.

இந்த ஆண்டுகளில் நோன்பு மாதமும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. கல்லூரிக் காற்பந்து அணியில் மலாய்ப் பையன்கள் இல்லாமல் இருப்பது அபூர்வம். நான்கு மணி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடுபவனுக்குத் தண்டனை போல ஓட்டம் வைக்காதீர்கள். நோன்பு துறப்பு ஏழேகால் மணி வாக்கில். ஆகவே பயிற்சியை முடிந்தவரை தாமதமாகத் தொடங்கி, முதல் பாதியில் கார்னர், ஃப்ரீ கிக், இடம் பிடித்து நிற்பது போன்ற நடந்தே செய்யும் வேலைகளையும், கடைசி இருபது நிமிடத்தில் வேகமானவற்றையும் வைக்கலாம். நோன்பு இருப்பவர்களுக்கு மட்டும் தனி வேலை கொடுத்து ஓரமாக நிறுத்துவது அணியைப் பிளக்கும். திட்டத்தை எல்லாருக்குமாக மாற்றுவதே சரி.

எப்படியும் கார்னருக்கு நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். 25 மணி நேரத்தில் நாலு மணி நேரம் அதற்குக் கொடுத்தாலும் தகும், ஏனென்றால் கல்லூரி மட்டத்தில் இறுக்கமான ஆட்டங்கள் அசையாப் பந்தில்தான் உடைகின்றன. கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: உதைப்பவரின் பந்து அருகிலுள்ள கம்பத்தோரம் நிற்கும் முதல் தற்காப்பு ஆட்டக்காரரைத் தாண்டுவதில்லை. உள்ளே ஆறு பேர் என்ன அழகாக ஓடினாலும் பயனில்லை. எனவே முதல் வாரத்தில் ஓட்டமே வேண்டாம். இருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, அருகுக் கம்பத்துக்கு முன்னால் ஒரு மேனிகனை (ஆளுயரப் பொம்மையை) நிறுத்தி, அதன் தலைக்கு மேலே போய் ஆறு கெஜக் கோட்டின் நடுவில் விழும்படி ஆளுக்கு இருபது உதைக்கச் சொல்லுங்கள். இருபதில் பதினைந்து தாண்டிய பிறகே மற்றவர்களை உள்ளே விடுங்கள். மேனிகன் இல்லாவிட்டால், கையை உயர்த்தி நிற்கும் மாற்று ஆட்டக்காரர் போதும்.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தாம் அளவுப் பந்துக்கு விதிப்படி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 8.5 முதல் 15.6 பவுண்டு. குளிரூட்டிய சாமான் அறையில் மேல்வரம்பு வரை காற்றடித்து, பிறகு வெயிலில் செயற்கைப் புல்மீது அரைமணி போட்டுவைத்தால் அழுத்தம் ஏறிப் பந்து கல்லாகிவிடும். முதல் தொடுதலிலேயே துள்ளி ஓடும், பையன்மேல் பழி விழும். காற்றைத் திடலில் அடியுங்கள், அளவுமானியில் பாருங்கள். பம்பு இருக்கும், ஊசி இருக்காது: இது எல்லா அணிக்கும் பொதுவான சாபம். மூன்று ஊசியை முதலுதவிப் பையின் பக்கவாட்டுப் பையில் போட்டு வைத்தால் யாரும் எடுத்துப் போக மாட்டார்கள்.

வானிலை இங்கே இரண்டாவது எதிரணி. ஏப்ரல், மே மாதங்கள் பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம், பிற்பகல் இடி அதிகம். ஏ பிரிவுப் போட்டி விழுவதும் அதே மாதங்களில், அதே பிற்பகலில். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் விவாதமே கிடையாது, எல்லாரும் கூரைக்கு அடியில். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் போன பிறகே திரும்ப வேண்டும். நடுவில் ஒருமுறை உறுமினால் கடிகாரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெப்பத்துக்கும் எண் இருக்கிறது. மைஎன்வி செயலியில் ஈரக்குமிழ் வெப்ப அளவு (வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த அளவு) 31 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் வழக்கம்போல் நடத்தலாம். 31க்கும் 33க்கும் இடையில் ஓய்வையும் நிழலையும் கூட்டுங்கள். 33ஐத் தொட்டால் கடுமையான பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். செயலி காட்டுவது அருகிலுள்ள நிலையத்தின் அளவு. உங்கள் காலடியில் உள்ள செயற்கைப் புல் அதைவிட நன்றாகவே கொதிக்கும்.

சரி, மேசைக்கு அந்தப் பக்கம் போவோம். போட்டி ஏற்பாட்டாளர் வேலையைக் கோச்சுகள் சாதாரணமாக மதிப்பதில்லை. அட்டவணை போடுபவர்தானே என்பார்கள். 16 அணி வந்திருக்கிறது என்று வையுங்கள். எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் 120 ஆட்டம், நடக்கிற காரியம் இல்லை. நாலு குழு, குழுவுக்கு நாலு அணி என்றால் குழுவுக்கு 6, மொத்தம் 24. காலிறுதி 4, அரையிறுதி 2, மூன்றாம் இடத்துக்கு 1, இறுதி 1. ஆக 32. ஒரு திடலில் ஒரு பிற்பகலுக்கு இரண்டு ஆட்டம் என்றால் 16 பிற்பகல். வாரத்துக்கு நான்கு பிற்பகல் கிடைத்தால் நான்கு வாரம், இடியே இல்லாவிட்டால். இடி இருக்கும். ஆகவே வாரத்துக்கு ஒரு பிற்பகலை வெறுமையாக விட வேண்டும். அதை வெறுமையாக விடும்போது திடல் வாடகை வீண் என்று மேலே இருப்பவர் கேட்பார். இரண்டாவது வாரத்தில் இரண்டு ஆட்டம் நின்றதும் கேட்பதை நிறுத்திவிடுவார்.

இதோடு ஒரு கூடுதல் சிக்கல். குழுவின் கடைசிச் சுற்று ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். 1982 உலகக் கிண்ணத்தில் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்ற கணக்கு இரண்டு பேருக்கும் போதும் என்று தெரிந்து பந்தைத் தட்டிக்கொண்டிருக்க, முந்தைய நாளே ஆடி முடித்த அல்ஜீரியா வெளியேறியது. 1986இலிருந்து உலகக் கிண்ணத்தில் கடைசிச் சுற்று ஒரே நேரத்தில் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நம்பலாம். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் மின்னஞ்சல் எழுதப்போவது பெற்றோர். ஆக அந்த நாளுக்கு மட்டும் இரண்டு திடல், இரண்டு நடுவர் குழு.

பாதியில் நின்ற ஆட்டத்தை என்ன செய்வது என்பதையும் போட்டி தொடங்குமுன் எழுத்தில் வைக்க வேண்டும். நின்ற நிமிடத்திலிருந்து தொடர்வதா, முதலிலிருந்து ஆடுவதா, எந்த நிமிடத்தைக் கடந்தால் கோல் கணக்கு நிற்கும்? 2-0 என்று முன்னிலையில் இருக்கும் கோச்சிடமும் பின்தங்கிய கோச்சிடமும் இடி இடிக்கும்போது கேட்டால் இரண்டு நியாயம் வரும். இரண்டும் நியாயமாகவே ஒலிக்கும்.

பதிவுப் படிவத்தில் சறுக்குவது இன்னும் கொடுமை. கடைசித் தேதிக்குப் பிறகு சேர்ந்த பையனை ஆட்டத்தில் இறக்கி, எதிரணி ஆட்சேபம் கொடுத்து, வென்ற ஆட்டம் கைவிட்டுப் போகும். சட்டை எண்ணும் அணித் தாளில் உள்ள எண்ணும் மாறியிருப்பது, மாணவர் அட்டையை வீட்டிலேயே விட்டுவருவது, இரண்டு அணியும் வெள்ளைக் காலுறையோடு வந்து நிற்பது எல்லாம் வாராந்திரக் காட்சிகள். முதலிரண்டையும் பொறுப்பாசிரியர் முந்தின நாள் மாலை ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். காலுறைக்கு ஏற்பாட்டாளர் அட்டவணையிலேயே நிறத்தை அச்சடிக்க வேண்டும்.

மருத்துவ ஏற்பாடு என்றால் முதலுதவியாளர் ஒருவர், தூக்குப்படுக்கை, நின்ற இதயத்தை இயக்கும் ஏஇடி கருவி என்று பட்டியல் எழுதிவிடுவார்கள். பட்டியலில் இல்லாத கேள்வி ஒன்று: 995 அழைத்தால் ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாகத் திடலருகே வரும்? பல கல்லூரிகளில் திடலுக்குப் பக்கத்து வாசல் பிற்பகலில் பூட்டியிருக்கும். அந்தப் பூட்டின் சாவி யாரிடம், அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்று தொடக்க உதைக்கு முன் தெரிந்திருக்க வேண்டும். கோச்சாக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர்தான் இதைக் கேட்பார். பையன் ஒருவன் கால் மடங்கிக் கிடக்கும்போது நிமிடங்கள் எவ்வளவு நீளம் என்று அவருக்குத்தான் தெரியும்.

தாவுவதற்கான பலகை என்று மேலே சொன்னது எழுதி வைத்த அனுபவத்தைத்தான். நிர்வாகப் பணிக்கு முழுநேர ஆள் எடுக்கும் இடங்கள் சில: பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள விளையாட்டுப் பிரிவுகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம், ஸ்போர்ட் சிங்கப்பூர், காற்பந்துச் சங்கம். உடற்கல்வி ஆசிரியராகித் தேசியக் கல்விக் கழகம் வழியாகப் போவது மற்றொரு பாதை. பள்ளிப் போட்டிகளை ஏற்று நடத்துவது அந்த ஆசிரியர்கள்தான். நேர்காணலில் கிண்ணம் எத்தனை என்று கேட்பதைவிட, எத்தனை பேர் கொண்ட நிகழ்வை, எந்தச் செலவுக்குள், என்ன காகிதங்களோடு நடத்தினீர்கள் என்றே கேட்பார்கள். மணிக்கூலி கோச்சிடம் காட்ட எதுவும் இருக்காது, அவர் எழுதி வைத்திருந்தால் தவிர. வருகைப் பதிவு, ஆளுக்கு எத்தனை நிமிடம் ஆடினார், காயம் எந்த நாள் எந்தப் பயிற்சியில், ரத்தான நாள் எது, என்ன காரணம்: வாரத்துக்குப் பத்து நிமிடம் எழுதினால் ஆண்டு முடிவில் ஒரு கோப்பு நிற்கும். அதைப் பொறுப்பாசிரியரோடும் பகிருங்கள். மாணவர்களுக்கு அனுப்பும் செய்திகளையும் அவர் இருக்கும் குழுவிலேயே அனுப்புங்கள், தனியாக வேண்டாம். இரண்டு பேருக்கும் அது பாதுகாப்பு.

பெற்றோரும் இந்தக் கோப்பைக் கேட்பார்கள். "கோச், பையன் ஏ நிலை எழுதணும், இனிமே விட்டுடலாமா?" என்று நம்மவர் வீட்டு அம்மா ஒருவர் மார்ச்சில் கேட்டால், "மே மாசத்தோட முடிஞ்சிடும்மா, வாரம் ஆறு மணி நேரம்தான், இந்தாங்க தேதி" என்று தாளை நீட்டுவது நூறு அறிவுரைக்குச் சமம். இரண்டாமாண்டுப் பையன்கள் போட்டி முடிந்ததும் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்பது உண்மையும்கூட.

அவர்கள் போன பிறகு ஜூனில் திடலில் நிற்பது முதலாண்டினர் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். அடுத்த பிப்ரவரிக்கான வேலையை இப்போதே தொடங்க வேண்டிய ஒரே இடம் கோல் காவலர். மற்ற இடங்களுக்குப் புதியவர்களில் யாராவது கிடைப்பார்கள், கோல் காவலர் கிடைக்காமலே போன ஆண்டுகள் உண்டு. பன்னிரண்டு பேரில் கை நீளமானவன், பந்து முகத்துக்கு வந்தால் கண்ணை மூடாதவன் யார் என்று பார்த்து, இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஜூலையிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை நாற்பது நிமிடம் தனியாக வையுங்கள். கையுறையைக் கல்லூரிச் செலவில் வாங்க விண்ணப்பப் படிவம் பொறுப்பாசிரியரிடம் இருக்கும். ஒப்புதல் வர மூன்று வாரம் ஆகும், ஆகவே ஜூன் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.